பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்: சேலம் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும் சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் பணிவான வணக்கம்.

நான் ஒரு தலைமைக் காவலரின் மகள். கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறேன், அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக வேலை பார்க்கிறேன். 1998 நவம்பரில் ஏற்காட்டு மலைப்பாதையில் பணியில் இருந்தபோது என் தந்தை இறந்தார். அப்போது எனக்கு 13 வயது. அதற்குப் பிறகு வந்த அக்டோபர் 21ஆம் நாள்களில், குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானத்தில் நடக்கும் காவலர் வீரவணக்க நாள் நிகழ்ச்சிக்கு என் தாயாரோடு பலமுறை வந்திருக்கிறேன். காவலர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகத் தாழ்த்திப் பிடித்துத் தலைகுனிந்து நிற்பதையும், பியூகிள் ஓசை அடங்கிய பின் வானை நோக்கி முழங்கும் வேட்டுச் சத்தத்தில் மரங்களிலிருந்து காக்கைகள் கூட்டமாக எழும்பிப் பறப்பதையும், மலர்வளையம் வைத்துவிட்டுத் திரும்பும் அதிகாரிகள் எங்களைப் போன்ற குடும்பத்தார் முன்னால் ஒரு நொடி நின்று கைகூப்புவதையும் நெகிழ்ச்சியோடு பார்த்திருக்கிறேன். அந்த நிகழ்ச்சியில் குறையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதற்கு அடுத்தபடியாக ஒன்றைச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த ஆண்டில் நாடெங்கும் பணியில் உயிர்நீத்த காவலர்களின் பெயர்களை அன்று வாசிக்கிறார்கள். 1999 அக்டோபர் 21 அன்று என் தந்தையின் பெயரும் வாசிக்கப்பட்டது. பதவி, பெயர், மாநிலம், அவ்வளவுதான்; அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். என் தாயார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் பிடி இறுகியதும், அடுத்த பெயர் வந்த பிறகும் அது தளராமல் இருந்ததும் இன்னும் என் கையில் இருக்கிறது. இன்னும் ஏதோ சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார் என்பதை வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, மாலை ஆறரை மணி வாக்கில், மலைப்பாதையில் 60 அடிப் பாலத்துக்கு மேலே பாறையும் மண்ணும் சரிந்து பாதி வழியை மூடிவிட்டன. என் தந்தையும் இன்னொரு காவலரும் அனுப்பப்பட்டார்கள். மேலிருந்து இறங்கும் வண்டிகளை நிறுத்துவது தந்தையின் வேலை. கீழிருந்து ஏறும் வண்டிகளை நிறுத்துவது மற்றவர் வேலை. நடுவில் ஒரு வளைவு இருந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. விசில்தான் பேச்சு: ஒரு நீண்ட விசில் என்றால் விடு, இரண்டு குறுகிய விசில் என்றால் நிறுத்து. பாறை விழுந்த இடத்திலேயே நிற்காமல், வளைவுக்கு மேலே கிட்டத்தட்ட நூறு அடி ஏறிப் போய் என் தந்தை நின்றிருக்கிறார். மழையில் இறங்கி வருகிற வண்டிக்கு பிரேக் பிடித்து நிற்க அந்தத் தூரமாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏற்காட்டிலிருந்து வந்த பேருந்து ஒன்றை நிறுத்தி ஓரம் கட்டச் செய்திருக்கிறார். அதிலிருந்து சிலர் இறங்கிச் சாலையில் நின்றிருக்கிறார்கள்.

பின்னால் சில்வர் ஓக் கட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று, ஹாரனை அழுத்திய கை எடுக்காமல் வந்திருக்கிறது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் தெரியும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் முதல் பாடம். அதை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் விட்டுப்போகும். என் தந்தை இறங்கி நின்ற பயணிகளை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கச் சொல்லிக் கத்திவிட்டு, லாரியை நோக்கி மேலே ஓடினார். கையிலிருந்த ஐந்து செல் டார்ச்சை மலைச்சுவர்ப் பக்கமாக வீசி வீசி, பேருந்துக்கு முன்பாகவே அங்கே கொண்டுபோய் உரசு, பள்ளத்துப் பக்கம் திருப்பாதே என்று ஓட்டுநருக்குக் காட்டினார். ஓட்டுநர் அப்படியே செய்தார். லாரி பாறையில் உரசி, பேருந்துக்கு ஏழெட்டு அடி முன்னால் நின்றது. நிற்பதற்கு முன் அதன் பின்பகுதி வீசித் திரும்பியதில், கட்டைகளுக்கும் மலைச்சுவருக்கும் நடுவில் என் தந்தை சிக்கிக்கொண்டார். பேருந்தில் வந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. லாரி ஓட்டுநரும் பிழைத்தார். பதினாறாம் நாள் காரியத்தன்று எங்கள் வாசலுக்கு வெளியே வந்து நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் வளைவுக்குக் கீழே நின்ற அந்தக் காவலர். காவலர் குடியிருப்பில் நாங்கள் மாமா என்று அழைத்து வளர்ந்தவர். கோப்பில் இருந்தது ஒரே வரி: பணியின்போது சாலை விபத்தில் மரணம். ஓய்வூதியம் தொடர்பாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் அந்த வரியைப் படித்துவிட்டு, "ரோட்டுல ஆக்சிடென்ட் ஆயிப் போனவருதானம்மா" என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் மனத்தில் கெடுதல் எதுவும் இல்லை. கோப்பில் இருந்ததைத்தான் சொன்னார். என் தாயார் எட்டாம் வகுப்புவரை படித்தவர், அதிகாரிகள் முன்னால் குரல் உயர்த்தியே அறியாதவர். அன்று மட்டும், "வண்டியில அடிபட்டுச் சாவலைங்க. வண்டிய நிறுத்தப் போயிச் செத்தாருங்க" என்றார். நான் தமிழ் படித்ததும், தமிழ் கற்பிப்பதும், ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவதும், அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்கியவை என்றே நினைக்கிறேன்.

ஐயா, அம்மா, அக்டோபர் 21 என்ற நாளே ஒரு கதையைச் சுமந்துகொண்டுதான் நம்மிடம் வந்திருக்கிறது. 1959 அக்டோபர் 20 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியிலிருந்து மூன்று குழுக்கள் வேவு பார்க்கப் புறப்பட்டன. இரண்டு திரும்பின; இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் இருந்த மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் காலை, காணாமல் போன அந்த மூவரைத் தேடிக் கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் சுமார் 20 பேர் கிளம்பினார்கள். அவர் குதிரைமேல் போனார். மற்றவர்கள் அந்த உயரத்தில் நடந்தே போனார்கள். மலைமேலிருந்து சீனப்படையினர் சுட்டதில் 10 காவலர்கள் இறந்தார்கள். உடல்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது நவம்பர் 13 அன்று. அடுத்த ஜனவரியில் கூடிய காவல்துறைத் தலைவர்களின் மாநாடு, இந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர முடிவு செய்தது. இன்றைக்கும் அந்தப் பத்துப் பேர் நம் கண்முன் நிற்பதற்குக் காரணம், அவர்கள் எங்கே போனார்கள், யாரைத் தேடிப் போனார்கள் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருப்பதே. சக காவலரைத் தேடிப் போய் இறந்தவர்கள் என்று சொல்லும்போது பள்ளிப் பிள்ளைக்கும் அது புரிகிறது. டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவிடத்தில் 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கல் நிற்கிறது. வீரச் சுவரில், விடுதலைக்குப் பின் பணியில் இறந்த 34,844 பேரின் பெயர்கள் அப்போது பொறிக்கப்பட்டன. பெருமைக்குரிய பணி அது. ஆனால் அத்தனை பெயர்களுக்கு நடுவில் ஒரு பெயரைப் பார்க்கிறவருக்கு, அந்த மனிதர் மலையில் இறந்தாரா, கடைத்தெருவில் இறந்தாரா என்பது தெரியப்போவதில்லை.

நம் முன்னோர் இதை வேறுவிதமாகச் செய்திருக்கிறார்கள். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எழுத்துள்ள கற்கள் வெறும் பெயரோடு நிற்பதில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எதைக் காக்கப் போய்ப் பட்டான் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் 'பட்டான் கல்' என்கின்றன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்து அவன் அருகே காத்து நின்றது என்பதும் அதே கல்லில் இருக்கிறது. நாயின் உருவமும் அவனுக்குப் பின்னால் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கல்லில் உளி பிடித்து எழுதியவர்கள், ஒரு நாய் என்ன செய்தது என்பதற்குக்கூட இடம் ஒதுக்கினார்கள். இந்தக் கல்லைப் பற்றி வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும், 2021 நவம்பர் 21 அன்று அதிகாலையில் இறந்த சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனையும் சேர்த்தே சொல்வேன். திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்தைச் சேர்ந்த அவர், ஆடு திருடிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் போனவர்களை இருட்டில் விரட்டிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம் வரை போய் மடக்கினார். அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். எருமைக்கும் ஆட்டுக்கும் நடுவில் 1,400 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஏழை வீட்டுச் சொத்தைக் காக்கப் போன வேலை அப்படியே இருக்கிறது.

பூமிநாதனின் சாவு நாளிதழ்களில் விரிவாக வந்தது. அதனால் ஒரு பயனும் விளைந்தது: இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்லுங்கள் என்று அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் அறிவுறுத்தினார். எப்படி இறந்தார் என்பது தெரிந்ததால் வந்த அறிவுரை அது. என் தந்தையைப் போன்றவர்களின் சாவு செய்தித்தாளில் ஓரத்துக் கட்டமாக வந்து போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் இரவு வாகனச் சோதனையில் லாரி மோதி இறப்பவர், வெள்ளத்தில் ஆளை மீட்கப் போய் அடித்துச் செல்லப்படுபவர், பந்தோபஸ்து முடித்து உறக்கமில்லாமல் வீடு திரும்பும் வழியில் இறப்பவர் என்று இவர்களுக்கு எதிரில் துப்பாக்கியோ அரிவாளோ இல்லை என்பதால், ‘விபத்து’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரும் போய் அடங்கிவிடுகிறார்கள். எந்த வளைவில், எத்தனை அடி முன்னால் நின்றார், கையில் என்ன விளக்கு இருந்தது, உடுப்பின்மேல் ஒளிரும் சட்டை இருந்ததா என்பதெல்லாம் அடுத்து அங்கே நிற்கப்போகிற இளைஞருக்கு உயிர் காக்கும் செய்திகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, அடிவாரத்தில் ஒளிரும் சட்டையோடு நனைந்து நின்ற காவலர்களைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் என் மாணவராக இருக்கும் வயதினர். மழைநாளில் வளைவுக்கு நூறு அடி மேலே போய் நின்ற ஒரு ஏட்டைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில், அமாவாசைதோறும் நம் மாவட்டத்துப் பக்தர்கள் பேருந்து பேருந்தாகப் போகிறார்கள். பாலாற்றைத் தாண்டிய அந்தப் பகுதியில்தான் 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கும்பல் புதைத்த கண்ணிவெடிகளில் 22 பேர் இறந்தார்கள். அவர்களில் காவலர்கள் இருந்தார்கள், வனத்துறையினர் இருந்தார்கள், வழிகாட்டவும் தகவல் சொல்லவும் கூடப் போன ஊர்மக்கள் இருந்தார்கள். காவலர் பட்டியலில் காவலர் பெயர் மட்டுமே வரும். பட்டியலின் விதி அப்படி, அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அன்று நடந்ததை ஒரு பக்கம் எழுதினால், அதே வண்டியில் போனவர்களை விட்டுவிட்டு எழுத எவராலும் முடியாது. எடுத்தனூர்க் கல்லில் நாய்க்கு இடம் கிடைத்த மாதிரி, உடுப்பில்லாமல் உடன் போய் உயிர்விட்டவர்களுக்கும் நம் எழுத்தில் இடம் கிடைத்துவிடும்.

என் வேண்டுகோளைத் தெளிவாகச் சொல்கிறேன். சேலம் மாநகரத்திலும் மாவட்டத்திலும் பணியில் இறந்த ஒவ்வொரு காவலருக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். எளிய தமிழில், அன்று அவர் எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார், எங்கே நின்றார், என்ன செய்தார், யார் பிழைத்தார்கள் என்று எழுதுங்கள். நிலையத்தின் பொது நாட்குறிப்பும் முதல் தகவல் அறிக்கையும் உங்களிடமே இருக்கின்றன. அவற்றில் இல்லாததை உடனிருந்தவர்கள் சொல்வார்கள். எழுதியதை அவர் கடைசியாக வேலை பார்த்த நிலையத்தின் சுவரில், பாரா நிற்பவரும் புகார் கொடுக்க வருபவரும் படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள். பயிற்சி முடித்து அந்த நிலையத்துக்கு வரும் புதிய காவலர் முதல் நாளில் அதைப் படிக்கட்டும். வீரவணக்க நாளன்று நாடு முழுவதற்குமான பெயர்களை வாசித்து முடித்த பின், நம் ஊர்ப் பக்கங்களில் ஒன்றை, ஆண்டுக்கு ஒன்று போதும், நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண்பலகை இருக்கிறது; பணியில் ஒருவர் இறந்த வளைவில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட இடமிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் யோசித்துப் பார்த்தேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும் சாவுகளில் எழுத முடியாது என்பது நியாயம். அவற்றுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர் அந்தப் பக்கத்துக்குத் தேவையும் இல்லை. சில குடும்பங்கள் விரும்பாமல் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. நிலைய எழுத்தர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை இருப்பதை அந்தக் குடியிருப்பில் வளர்ந்தவள் என்ற முறையில் நன்றாக அறிவேன். எழுதும் வேலையை எங்களிடம் கொடுங்கள். இந்த மாவட்டத்தில் தமிழாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லூரி மாணவர்களும் ஆர்வத்தோடு வருவார்கள். நீங்கள் சரிபார்த்து ஒப்பமிட்டால் போதும். ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அன்று விளக்கு போதவில்லை என்றால் போதவில்லை என்றே எழுதுங்கள். தனியாக அனுப்பப்பட்டார் என்றால் அதையும் எழுதுங்கள். அதனால் இறந்தவரின் பெருமை குறையாது. அதை மறைத்து எழுதிய பக்கத்திலிருந்து புதிய காவலர் கற்றுக்கொள்ளவும் எதுவும் இருக்காது.

இதை ஏன் இப்போது, இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். என் தாயாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. நிலையச் சுவரில் மாட்டினால் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். வளைவுக்குக் கீழே நின்ற மாமா சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றுவிட்டார். சென்ற ஆண்டு அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மேலிருந்து வர வேண்டிய நீண்ட விசில் வராமல், இரண்டு குறுகிய விசில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு நடுவில் அறுந்து நின்றதை அவர் ஒருவர்தான் கேட்டவர். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் வலது கையைத் தூக்கி, பேசாதே என்பதுபோல் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். நிலையங்களில் இப்படிப்பட்டவர்கள் பலர் ஓய்வுபெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் கோப்பில் உள்ள ஒரு வரிதான் மிஞ்சும்.

மருத்துவமனையிலிருந்து எங்களிடம் கொடுத்த பொருள்களில் தந்தையின் விசிலும் அதன் கயிறும், கண்ணாடி உடைந்த டார்ச்சும், மழையில் மை கரைந்த சட்டைப்பைக் குறிப்பேடும் பத்திரமாக இருக்கின்றன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அன்று அவர் நிறுத்திய பேருந்தின் எண்ணும், நிறுத்திய நேரமும் பென்சிலால் எழுதியிருப்பதால் அழியாமல் தெரிகின்றன: மாலை 7.10. முதல் பக்கத்தை அவரைப் பற்றி எழுத நீங்கள் இசைந்தால், இவற்றை எடுத்துக்கொண்டு எந்த நாளிலும் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். மாமாவை அலைய வைக்க வேண்டாம். யாராவது ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு தலைமைக் காவலரின் மகள்,
கன்னங்குறிச்சி, சேலம்.